ஐடிஎம் போட்டதும் பிடிஎஃப் ஏன் பிஎச்பி ஆகிறது? பிரவுசிங் சென்டர்களுக்கு ஒரு விமர்சனம்

தாலுகா ஆபீஸ் வாசல் பிரவுசிங் சென்டராகட்டும், கும்பகோணத்து ஆடிட்டர் ஆபீஸாகட்டும், சர்வீஸ் பண்ண வருகிறவர் விண்டோஸ் ஏற்றி முடித்ததும் கேட்காமலேயே போட்டுவிட்டுப் போகிற ஒரு செட் உண்டு. குரோம், விஎல்சி, வின்ரார், கடைசியாக ஐடிஎம் என்கிற இன்டர்நெட் டவுன்லோடு மேனேஜர். மறுநாள் காலையில் கூட்டம் நிற்கும்போதுதான் தெரியும். நேற்றுவரை பிடிஎஃப்பாக இறங்கிய சிட்டா இன்று டாட் பிஎச்பி என்று இறங்குகிறது, அல்லது டாட் ஏஎஸ்பிஎக்ஸ் என்று வருகிறது. சில நேரம் பெயரில் பிடிஎஃப் என்றே இருக்கும், ஆனால் திறக்காது. "தம்பி, நேத்து எடுத்துக் குடுத்தியே, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று வாசலில் ஒருவர் நிற்பார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரிய ஃபைல் இறக்குவதற்கு ஐடிஎம் நல்ல சாப்ட்வேர். சான்றிதழ் எடுத்துப் பிரிண்ட் போடும் கவுன்டர் மெஷினில், இன்ஸ்டால் செய்த நிலையில் அப்படியே விட்டால், உபத்திரவம். இரண்டு இடத்தில் அமைப்பை மாற்றினால் இரண்டுக்கும் ஒத்துவரும். கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் நல்லதைச் சொல்வோம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் கரன்ட் எப்போது போகும், லைன் எப்போது அறுந்து வரும் என்று சொல்ல முடியாது. 4 ஜிபி விண்டோஸ் ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக்கிய நகல்) முக்கால்வாசி இறங்கிய நேரத்தில் கரன்ட் போனால், பிரவுசர் பல சமயம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஐடிஎம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் இழுக்கிறது. ஆரம்ப அமைப்பில் 8 இணைப்பு, 32 வரை கூட்டலாம். சர்வர் ஒரு இணைப்புக்கு இவ்வளவுதான் வேகம் என்று கட்டுப்படுத்தியிருந்தால் இதில் நிஜமாகவே லாபம் உண்டு. உங்கள் லைனே மெதுவாக இருந்தால் வாய்க்காலில் எட்டு மடை வெட்டினாலும் வருகிற தண்ணீர் ஒன்றுதான். லிங்க் காலாவதியாகிவிட்டால் பட்டியலில் ரைட் கிளிக் செய்து ‘ரெஃப்ரெஷ் டவுன்லோடு அட்ரஸ்’ கொடுக்கலாம். புது லிங்க்கைப் பிடித்துக்கொண்டு பழைய துண்டுகளோடு தொடரும். ஒரு எச்சரிக்கை: சர்வர் ‘பாதியிலிருந்து தருகிறேன்’ என்று சொல்லும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐடிஎம்மும் ஆரம்பத்திலிருந்துதான் இழுக்கும்.

இனி எக்ஸ்டென்ஷன் விஷயம். ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் துண்டுதான் எக்ஸ்டென்ஷன். அது சாக்கின் மேல் எழுதிய பெயர், அவ்வளவுதான். மூட்டையில் பொன்னி என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் ஏடிடி 43 பொன்னி ஆகிவிடாது. அதே மாதிரி, பெயர் அழிந்துபோனதால் பொன்னி பொன்னி இல்லாமலும் போகாது. அதனால் தப்பான எக்ஸ்டென்ஷன் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெயர் மட்டும் மாறியிருக்கிறதா, சரக்கே மாறியிருக்கிறதா? ரீநேம் செய்து பார்ப்பதும், வேறு பிடிஎஃப் ரீடர் ஏற்றுவதும் அதற்கு அப்புறம்தான்.

பெயர் எங்கிருந்து வருகிறது? ஃபைலை அனுப்பும் சர்வர் கூடவே இரண்டு குறிப்பு அனுப்பும். இது என்ன வகைச் சரக்கு என்பது ஒன்று. இதை என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது குறிப்பு இல்லாவிட்டால் பிரவுசரும் ஐடிஎம்மும் முகவரியின் கடைசித் துண்டைப் பெயராக எடுத்துக்கொள்ளும். பிஎச்பி, ஏஎஸ்பிஎக்ஸ் எல்லாம் தளத்தை ஓட்டும் புரோகிராம் பக்கங்களின் எக்ஸ்டென்ஷன். அந்தத் துண்டு ‘டவுன்லோடு டாட் பிஎச்பி’ என்று இருந்தால் ஃபைலும் அந்தப் பெயரில் வந்து உட்காரும். வகைக் குறிப்பு ஒழுங்காக இருந்தால் பிரவுசர் அதைப் பார்த்து பிடிஎஃப் என்று திருத்திக்கொள்ளும். அதுவும் ‘ஏதோ பைனரி’ என்று பொத்தாம்பொதுவாக வந்தால் திருத்த வழியில்லை. இந்த ரகத்தில் பெயர் மட்டும்தான் தப்பு, உள்ளே இருப்பது அசல் சான்றிதழ். ரீநேம் போதும்.

சரக்கு மாறுவது வேறு கதை. லாகின் செய்து, ஓடிபி போட்டு, பட்டனை அழுத்தியதும் அந்த நிமிடத்தில் தயாராகும் பிடிஎஃப்களுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் செல்லுபடியாகும் அனுமதி, அதாவது டோக்கன், இருக்கும். பிரவுசர் கேட்டு சர்வர் நீட்டும் நேரத்தில் ஐடிஎம் நடுவில் புகுந்து, ‘நீ விடு, நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று தன் பங்குக்கு மறுபடி கேட்கிறது. அதுவும் பல இணைப்புகளில். டோக்கனை ஏற்கெனவே கிழித்துப் போட்ட சர்வர், ‘மறுபடி லாகின் செய்யவும்’ என்ற பக்கத்தை அனுப்பிவிடும். ஐடிஎம் அந்தப் பக்கத்தை வாங்கி, சில சமயம் டாட் எச்டிஎம்எல் என்று, சில சமயம் பழைய பெயரான டாட் பிடிஎஃப் என்றே சேமித்துவிடும். லாகின் செய்தவர் இவர்தான் என்று பிரவுசர் வைத்திருக்கும் அடையாளக் குறிப்பான குக்கீயை எடுத்துச் செல்லும் வசதி ஐடிஎம்மில் இருக்கிறது, பல தளங்களில் வேலையும் செய்கிறது. ஒரு முறை டோக்கன் என்றால் அது உதவாது. இந்த ஃபைலை எத்தனை முறை ரீநேம் செய்தாலும் பட்டா வராது, உள்ளே லாகின் பக்கம்தான் இருக்கும்.

எது எது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். நெல் வியாபாரி சாக்கில் குத்தூசி விட்டுப் பார்ப்பது போல, இங்கே குத்தூசி நோட்பேட். ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ கொடுத்து நோட்பேடில் திறங்கள். அங்கேயே ‘ஆல்வேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அப்புறம் எல்லா பிடிஎஃப்பும் நோட்பேடில் திறக்கும். முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் முதல் சில எழுத்துகளை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருந்தால் அது பிடிஎஃப்தான், மேலே என்ன பெயர் இருந்தாலும். பி, கே என்று ஆரம்பித்தால் ஜிப். வேர்டின் டாக்எக்ஸ், எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏபிகே, ஜாவாவின் ஜார் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான், அதனால் அவையும் பி, கே என்றே ஆரம்பிக்கும். வேர்டு ஃபைல் சில நேரம் டாட் ஜிப் என்று இறங்குவதற்குக் காரணம் இதுதான். பிரிக்கத் தேவையில்லை, பெயரை மாற்றினால் திறக்கும். ஒரு கோணக்குறிக்குப் பின் எச்டிஎம்எல் என்றோ டாக்டைப் என்றோ இருந்தால் உங்களுக்கு வந்திருப்பது வெறும் வெப் பக்கம். எம், இசட் என்று ஆரம்பித்தால் அது ஓடக்கூடிய புரோகிராம். சான்றிதழ் என்று சொல்லி வந்த ஃபைலில் எம், இசட் இருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

நோட்பேடை மூடும்போது சேவ் செய்யவே கூடாது. செய்தால் நல்ல பிடிஎஃப்பும் கெட்டுப்போகும். ஜிபி கணக்கில் இருக்கும் ஃபைலை நோட்பேடில் திறக்கவும் வேண்டாம், மெஷின் உறைந்து நிற்கும். அளவே கூட துப்புக் கொடுக்கும். பத்துப் பக்க வில்லங்கச் சான்று 3 கேபிதான் என்றால் திறந்து பார்க்காமலேயே சந்தேகப்படலாம்.

இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸ் எக்ஸ்டென்ஷனைக் காட்ட வேண்டும். விண்டோஸ் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்து வைக்கும் பழக்கத்தோடுதான் வருகிறது. விண்டோஸ் 10 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். 11-இல் ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதற்குள் அதே பெயர். இதைச் செய்யாமல் ரீநேம் செய்கிறவர்கள் ‘போட்டோ டாட் ஜேபிஜி’ என்று அடிப்பார்கள். உண்மையில் அது ‘போட்டோ டாட் ஜேபிஜி டாட் ஜெஃபிஃப்’ ஆகியிருக்கும். திருட்டு ஃபைல் அனுப்புகிறவர்கள் நம்புவதும் இந்த மறைப்பைத்தான்: ‘ரசீது டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ என்பதில் கடைசித் துண்டு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலும் அதே ஜாதி.

சரி, ஐடிஎம்மை எப்படி அடக்குவது? முதலில் குற்றவாளி அதுதானா என்று பாருங்கள். குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, அதே தளத்தில் லாகின் செய்து, அதே ஃபைலை எடுங்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம்களுக்கும் எக்ஸ்டென்ஷன் என்றுதான் பெயர், ஃபைல் பெயரின் எக்ஸ்டென்ஷன் வேறு. ஐடிஎம் குரோமில் புகுவது அப்படி ஒன்றின் வழியாகத்தான். அவை இன்காக்னிட்டோவில் நீங்கள் தனியாக அனுமதித்தால் ஒழிய வேலை செய்யாது. அங்கே பிடிஎஃப் ஒழுங்காக வந்தால் ஐடிஎம்தான் காரணம். அங்கேயும் பிஎச்பி வந்தால் தளத்தின் குறிப்பில்தான் குறை, ஐடிஎம்மைத் திட்டிப் பயனில்லை.

காரணம் ஐடிஎம் என்று தெரிந்தால், ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து ‘ஃபைல் டைப்ஸ்’ பக்கம் போங்கள். மேலே ஒரு பெட்டியில் நீண்ட பட்டியல் இருக்கும். இந்த எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் நான் தானாகப் பிடிப்பேன் என்று ஐடிஎம் சொல்லும் இடம் அது. ஐஎஸ்ஓ, எம்பி4, ஜிப், எக்ஸ்இ எல்லாம் நியாயம். நடுவில் பிடிஎஃப்பும் இருக்கும். அந்த மூன்று எழுத்தை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். கவுன்டர் மெஷினுக்குச் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இதோடு முடிந்தது. இனி பிடிஎஃப்பைக் குரோமே திறக்கும், அங்கிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம். ஐடிஎம்மின் ஜன்னல் குறுக்கே வருவதும் நின்றுவிடும்.

பிடிஎஃப் தவிர ஜிப், எக்ஸெல் எல்லாம் தரும் தளம் என்றால் இதே பக்கத்தில் கீழே இன்னொரு பெட்டி உண்டு: இந்தத் தளங்களில் தானாக ஆரம்பிக்காதே என்பது. தளத்தின் பெயரை, முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் புள்ளியும் வைத்து, அதில் சேருங்கள். ஜிஎஸ்டி, வருமானவரி, பதிவுத்துறை, இ-சேவை என்று லாகின் உள்ள தளங்களை எல்லாம் ஒரே மூச்சில் சேர்த்துவிடுவது நல்லது. அவசரத்துக்கு ஒரு ஃபைல் மட்டும் என்றால் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே டவுன்லோடு பட்டனைக் கிளிக் செய்தால் ஐடிஎம் ஒதுங்கிக்கொள்ளும். ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘கீஸ்’ என்ற பட்டனில் அந்தக் கீயை மாற்றவும் முடியும். அதே பக்கத்தில் எந்தெந்த பிரவுசரைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. குரோம் டிக்கை எடுத்துவிட்டு, சான்றிதழ் வேலைக்குக் குரோம், கனமான டவுன்லோடுக்கு ஃபயர்பாக்ஸ் என்று பிரித்துக்கொண்டால், இரண்டு பேர் மாறி மாறி உட்காரும் கடையில் குழப்பமே வராது. எங்கள் சிபாரிசு இதுதான்.

ஐடிஎம் பட்டியலில் இருக்கும் ஃபைலின் பெயரைத் திருத்த வேண்டுமானால் அதே பட்டியலில் ரைட் கிளிக் செய்து ‘மூவ்/ரீநேம்’ மூலம் செய்யுங்கள். ஃபோல்டரில் போய் மாற்றினால் ஐடிஎம் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இன்னொரு தொல்லை: ஐடிஎம் எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான் ஃபைலை வகை பிரிக்கிறது. பிடிஎஃப் என்றால் டவுன்லோட்ஸுக்குள் ‘டாக்குமென்ட்ஸ்’, ஜிப் என்றால் ‘கம்ப்ரெஸ்டு’. பெயர் தப்பாக வந்த ஃபைல் இரண்டிலும் இருக்காது, வெளியே பொதுவில் கிடக்கும். ‘இறங்கிச்சு, ஆனா காணோம்’ என்கிற புகாரில் பாதி இதுதான்.

எல்லாப் பழியையும் ஐடிஎம் தலையில் கட்டவும் கூடாது. போட்டோ டாட் ஜெஃபிஃப் என்று சேவ் ஆவதற்கும் ஐடிஎம்முக்கும் சம்பந்தம் இல்லை. அதன் பட்டியலில் ஜேபிஜி கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், இந்த வகைப் படத்துக்கு இந்த எக்ஸ்டென்ஷன் என்று ஒரு குறிப்பு இருக்கும். பிரவுசர் அதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறது. அந்தக் குறிப்பு ஜெஃபிஃப் என்று இருந்தால் எல்லா ஜேபிஜியும் ஜெஃபிஃப்பாக இறங்கும். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று அளவெல்லாம் சரியாக வெட்டி வைத்த பிறகு, வகை தப்பு என்று தளம் திருப்பி அனுப்பும். ஜெஃபிஃப்பை, வாட்ஸ்அப் வெப் தரும் டாட் ஜேபிஇஜியை, டாட் ஜேபிஜி என்று ரீநேம் செய்தால் போதும், உள்ளே ஒரே சரக்கு. பிஎன்ஜியை அப்படிச் செய்யாதீர்கள். பெயிண்டில் திறந்து ‘சேவ் ஆஸ்’ போய் ஜேபெக் ஆக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ கிளாசஸ் ரூட், அதற்குள் மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப் என்று இறங்கி இமேஜ்/ஜேபெக் என்ற இடத்துக்குப் போங்கள். வலது பக்கம் ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற வரியில் ஜெஃபிஃப் என்று இருப்பதைப் புள்ளியோடு டாட் ஜேபிஜி என்று மாற்றி, பிரவுசரை மூடித் திறந்தால் சரி. மாற்றும் முன் அந்த இடத்தை ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம். பக்கத்து வரிகளில் கை வைக்க வேண்டாம்.

ஆடிட்டர் ஆபீஸ்களில் வரும் இன்னொரு தொல்லை, ஜிப் மாதிரி சுருக்கிய ஃபைல்களைப் பிரிக்கும் வின்ராரால். டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வருமானவரி) ரிட்டர்ன் தயாரிக்கும் ஆர்பியு என்ற சாப்ட்வேர் ஒரு ஜார் ஃபைல், ஜாவாவில் ஓடுவது. வின்ரார் இன்ஸ்டால் ஆகும்போது எந்தெந்த வகையை நான் திறக்கட்டும் என்று ஒரு டிக் பட்டியல் காட்டும். அதில் ஜாரும் ஐஎஸ்ஓவும் உண்டு. படிக்காமல் ஓகே அடித்தால், மறுநாள் ஆர்பியுவை டபுள் கிளிக் செய்ததும் ஃபோல்டர் ஃபோல்டராக விரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி டவுன்லோடு செய்வார்கள். ஃபைல் கெடவில்லை, பெயரும் மாறவில்லை, திறக்கிற ஆள் மாறியிருக்கிறார். ‘ஓப்பன் வித்’ போய் ஜாவாவைக் காட்டினாலும் பெரும்பாலும் ஓடாது, ஏனென்றால் ஜாவாவுக்கு ‘இது ஜார்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஓப்பன் வித்’ அதைச் சொல்வதில்லை. வின்ராரில் ‘செட்டிங்ஸ்’, ‘இன்டக்ரேஷன்’ பக்கத்தில் ஜார் டிக்கை எடுத்துவிட்டு, ஜாவாவை ஒரு முறை திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள். அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ டிக்கையும் எடுத்துவிடலாம். விண்டோஸ் 8-இலிருந்து ஐஎஸ்ஓவைத் தனி சாப்ட்வேர் இல்லாமலே டிரைவ் மாதிரி திறக்க முடியும். இந்த விஷயத்தில் வின்ரார் மாதிரியே வேலை செய்யும் 7-ஜிப் பரவாயில்லை, நீங்கள் போய்ச் சொல்லும்வரை எந்த எக்ஸ்டென்ஷனையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. இலவசம் வேறு.

திறக்காத எல்லாமே எக்ஸ்டென்ஷன் கோளாறும் இல்லை. இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். டாட் சிஆர்டவுன்லோடு என்று கிடப்பது குரோம் இன்னும் முடிக்காத பாதி ஃபைல். டாட் பார்ட் என்றால் ஃபயர்பாக்ஸின் பாதி. இவற்றை ரீநேம் செய்வது வெந்தும் வேகாத சோற்றைப் பரிமாறுவது மாதிரிதான். திரும்ப இறக்குங்கள்.

விலை விஷயத்துக்கு வருவோம். ஐடிஎம் 30 நாள் இலவசம், அதன் பின் உரிமம் வாங்க வேண்டும். இங்கே பெரும்பாலான மெஷின்களில் இருப்பது கிராக், அதாவது உரிமம் இல்லாமல் ஓடும்படி யாரோ உடைத்துக் கொடுத்தது. அதை ஏற்ற முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக், பட்டா எல்லாம் கிடக்கிற கம்ப்யூட்டரில் முகம் தெரியாதவன் தரும் புரோகிராமுக்குக் கதவைத் திறந்துவிட்டு, டவுன்லோடு கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. மாதம் இரண்டு பெரிய ஃபைல் இறக்கும் கடைக்கு ஐடிஎம் தேவையே கிடையாது. தினமும் ஐஎஸ்ஓ, டிரைவர் என்று இறக்கும் சர்வீஸ் கடைக்குக் காசு கொடுத்து வாங்கலாம். குரோம் ஸ்டோரில் ஐடிஎம் என்று தேடினால் போலி எக்ஸ்டென்ஷன்களும் வரும். அசலின் பெயர் ‘ஐடிஎம் இன்டக்ரேஷன் மாட்யூல்’, அதுவும் ஐடிஎம்மை இன்ஸ்டால் செய்தால் தானாகவே வந்து அனுமதி கேட்கும். தேடிப் போய்ப் போட வேண்டியதில்லை.

வேண்டாம் என்று முடிவு செய்து அன்இன்ஸ்டால் செய்கிறவர்கள், குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்கும் போய் அந்த மாட்யூல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பாதியில் நிற்கும் டவுன்லோடுகளை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அந்தத் துண்டுகளை ஐடிஎம்மைத் தவிர வேறு எதனாலும் ஒட்டவைக்க முடியாது.